ரேடியோ நீர்மூழ்கி: அட்டைப்பெட்டியிலிருந்து நீச்சல் குளம் வரை

மாதிரிப் படகு கட்டுகிறவருக்கு ஒரே ஒரு கவலைதான்: தண்ணீர் உள்ளே வந்துவிடக்கூடாது. ரேடியோவால் ஓட்டும் மாதிரி நீர்மூழ்கி கட்டுகிறவருக்கு மூன்று கவலைகள். சில இடங்களில் தண்ணீர் தடையில்லாமல் புகுந்தாக வேண்டும். ஓரிடத்தில் ஒரு சொட்டுகூட நுழையக்கூடாது. இன்னோரிடத்தில், நாம் சொல்லும்போது வந்து, சொல்லும்போது வெளியேற வேண்டும். இந்த மூன்றையும் மனத்தில் பிரித்து வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் அரமும் பசையும் பொறுமையும்தான். மின்னணுச் சாமான்களைப் பார்த்துப் பயந்து ஒதுங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நீர்மூழ்கியைக் கெடுப்பது பெரும்பாலும் மின்னணு அல்ல, மூடியில் நீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்மேல் படிந்த ஒரு தலைமுடி.

எந்தப் பெட்டியை வாங்குவது?

முதல் முயற்சிக்கு ரெவெல் நிறுவனத்தின் 1/72 அளவு ஜெர்மானிய வகை 7சி நீர்மூழ்கியைச் சொல்வேன். இது அலமாரியில் வைத்துப் பார்ப்பதற்கான பிளாஸ்டிக் மாதிரி. ஓட விடுவதற்கென்று வந்ததல்ல. அப்படி மாற்றுவது நம் வேலை. அசல் கப்பலின் நீளம் 67.1 மீட்டர் என்பதால் மாதிரி 93 சென்டிமீட்டர் வரும். தரையில் வைத்து வேலை செய்யலாம், மடியில் வைத்துக்கொண்டு காரில் போகலாம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி இந்த ஏழாம் வகையில் மட்டும் 700-க்கு மேல் கட்டியது. அதனால் வரைபடங்களுக்கும் புகைப்படங்களுக்கும் பஞ்சமில்லை. கீல் நகருக்கு அருகே லாபோ கடற்கரையில் யூ-995 இன்றும் தரையில் நிற்கிறது. 7சி/41 என்ற சற்றுப் பிந்தைய வடிவம் அது. அதன் பக்கவாட்டுப் படங்கள் நாலைந்தைச் சேகரித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

இந்தியக் கடற்படையின் சிந்துகோஷ் வகுப்புக்கு அடிப்படையான, ரஷ்யாவின் ‘கிலோ’ வகை நீர்மூழ்கி டிரம்பீட்டர் நிறுவனத்தின் 1/144 பெட்டியாகக் கிடைக்கிறது. ஆசை வரும், எனக்கும் வந்தது. ஆனால் அது அரை மீட்டர்தான். அந்த வயிற்றுக்குள் மோட்டார், பேட்டரி, மூழ்கவும் எழவும் தண்ணீரை ஏற்றி இறக்கும் பாலஸ்ட் தொட்டி எல்லாவற்றையும் அடைப்பது இரண்டாவது கப்பலுக்கான வேலை. மறுகோடியில், 1/72 அமெரிக்க கேட்டோ வகை 1.32 மீட்டர். உள்ளே தாராளமாக இடமிருக்கும், ஆனால் அதை மிதக்கவைத்துப் பார்க்க வீட்டில் தொட்டி வேண்டுமே! ஜெர்மனியின் எங்கெல் போன்றவர்கள் ஓட விடுவதற்கென்றே எல்லாப் பாகங்களோடும் பெட்டி தருகிறார்கள். பணம் பிரச்சினையில்லை என்றால் அதுவே சுலபமான வழி.

ரேடியோவை முதலில் தீர்மானியுங்கள்

இன்று கடைகளில் கிடைக்கும் ரேடியோக்கள் ஏறக்குறைய எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குபவை. நீர்மூழ்கிக்கு அவை ஆகாது. மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் அதே அலைவரிசையில்தான். சாம்பாரைச் சூடாக்கும் அலையைத் தண்ணீர் எப்படி விழுங்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சில சென்டிமீட்டர் ஆழத்திலேயே தொடர்பு அறுந்துவிடும்.

நமக்கு வேண்டியது மெகாஹெர்ட்ஸ் காலத்துப் பழைய ரேடியோ. இந்தியாவில் 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறைந்த சக்திப் பட்டைக்கு உரிமம் தேவையில்லை. 27 மெகாஹெர்ட்ஸ் செட்டு ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். பிரிட்டனில் இருப்பவர்கள் 40, அமெரிக்காவில் இருப்பவர்கள் 75 மெகாஹெர்ட்ஸ் எடுக்கலாம். பிரிட்டனின் 35-ம் அமெரிக்காவின் 72-ம் பறக்கும் மாதிரிகளுக்கு ஒதுக்கப்பட்டவை, அவற்றைத் தொடாதீர்கள். பழைய செட்டு என்பதால் வாங்கும் முன் ஏரியலை முழுதாக நீட்டி, ஐம்பது அடி நடந்து, சர்வோ (ரேடியோ சொன்னபடி சுக்கானையும் சிறகையும் திருப்பும் சிறு மோட்டார்) நடுங்காமல் அசைகிறதா என்று பார்த்துவிட வேண்டும். ரிசீவரிலிருந்து தொங்கும் நீளமான கம்பி இடைஞ்சலாகத்தான் இருக்கும். அதை வெட்டிவிடாதீர்கள், அந்த நீளம் கணக்குப் போட்டு வைக்கப்பட்டது.

இன்னொன்று: கடல் வேண்டாம். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், அதனால் 27 மெகாஹெர்ட்ஸ்கூட அதில் எடுபடாது. நன்னீர்க் குளம் அல்லது குளோரின் போட்ட நீச்சல் குளம், இரண்டில் ஒன்று.

ஒரு சின்னக் கணக்கு

பிளாஸ்டிக்கை வெட்டும் முன் காகிதத்தில் கொஞ்சம் எழுதிப் பாருங்கள். அசல் 7சி நீர்மேல் இருக்கும்போது 769 டன், மூழ்கியபின் 871 டன் நீரை இடம்பெயர்த்தது. வித்தியாசம் 102 டன். மாதிரியில் நீளம் 72-ல் ஒரு பங்கு என்றால், கன அளவு 72-ஐ மூன்று முறை பெருக்கிய 3,73,248-ல் ஒரு பங்கு. 102 டன்னை இதால் வகுத்தால் ஏறத்தாழ 273 கிராம் வருகிறது. இரண்டு டம்ளருக்குச் சற்றுக் குறைந்த தண்ணீர். நம் கப்பல் மூழ்குவதும் எழுவதும் இந்த இரண்டு டம்ளர் தண்ணீரில்தான்.

நாம் கட்டப்போவது தண்ணீர் புகும் உடல் என்பதால் உண்மையில் தேவை இதைவிடக் குறையும். ஏனென்று புரிந்துகொண்டால் பின்னால் எடை சரிபார்ப்பது எளிது. பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கின் அடர்த்தி 1.05, தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கனம். மூழ்கியிருக்கும் உடலின் ஓட்டுக்குத் தண்ணீரில் எடையே இல்லாத மாதிரி. ஆனால் அதே ஓட்டை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கினால் முழு எடையும் கீழே அழுத்தும். ஆக, மேலே தெரிகிற மேல்தளம், கோபுரம், பீரங்கி எல்லாவற்றின் கன அளவுதான் தொட்டியின் அளவு. அதனால்தான் கோபுரத்தில் கனமான அலங்காரங்களைச் சேர்க்காதீர்கள் என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள். எல்லாம் மெல்லியதாக இருந்தால் 250 மில்லிலிட்டர் தொட்டி தாராளம்.

உடல்: துளை போடும் திருவிழா

அசல் நீர்மூழ்கியின் வெளி உடல் ஒரு சட்டைதான். அதன் பக்கங்களில் வரிசை வரிசையாக இருக்கும் நீள்துளைகள் வழியாகத் தண்ணீர் புகுந்து வெளியேறும். உள்ளே இருக்கும் அழுத்த உடல்தான் மனிதர்களைக் காக்கிறது. நம் மாதிரியும் அதே வழி. பெட்டியில் வரும் உடலில் இந்தத் துளைகள் பெரும்பாலும் பள்ளங்களாக மட்டுமே இருக்கும். அவற்றைத் திறக்க வேண்டும். ஒரு மி.மீ. துளைப்பானால் ஒவ்வொரு பள்ளத்திலும் மூன்று நான்கு துளை போட்டு, கத்தி நுனியால் இணைத்து, ஊசி அரத்தால் ஓரம் சீராக்குங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு மாலை போய்விடும். வானொலியைப் போட்டுக்கொண்டு உட்கார்வது நல்லது. யூ-995 படங்கள் இங்கேதான் கைகொடுக்கும். துளை வரிசைகள் கப்பலுக்குக் கப்பல், கட்டிய தளத்துக்குத் தளம் மாறும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே பின்பற்றுங்கள்.

அழகுக்கு அப்பால் ஒரு விதி உண்டு: தண்ணீர் அடியிலிருந்து வர வேண்டும், காற்று உச்சியிலிருந்து போக வேண்டும். அடிப்பகுதியில் வெளியே தெரியாத இடத்தில் ஐந்தாறு பெரிய துளைகள். மேல்தளத்தின் மரச்சட்ட இடைவெளிகள் எல்லாம் திறந்திருக்க வேண்டும். கோபுரத்தின் தளத்தில் குறைந்தது இரண்டு. நான் கோபுரத்தை மறந்தேன். முதல் நாள் கப்பல் முழுவதும் மூழ்கிவிட்டது, கோபுரம் மட்டும் பிடிவாதமாக வெளியே நின்றது. ஒன்றரை மணி நேரம் ஈயம் சேர்த்து எடுத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கையால் கவிழ்த்தபோது ‘குளக்’ என்று ஒரு குமிழி வெளியே வந்தது.

சோதனை எளிது. உள்ளே எதையும் வைக்காமல் ஓட்டைத் தண்ணீரில் விடுங்கள். அது மெல்ல, நேராக, எந்தப் பக்கமும் சாயாமல் அடிக்குப் போக வேண்டும். ஒரு முனை தூக்கினால் அங்கே காற்று சிக்கியிருக்கிறது.

உள்ளே வைக்கும் உருளை மேல்தளத் திறப்பு வழியாக நுழையாவிட்டால், உடலைக் கிடைமட்டமாக மேல், கீழ் என்று இரண்டாக அறுத்துவிடலாம். மெல்லிய ரம்பம், காகித ஒட்டுநாடாவால் வரைந்த கோடு, அவசரப்படாத கை, இவை போதும். முன்னால் ஒரு நாக்கு, பின்னால் ஒரு திருகாணி வைத்தால் மூடித் திறக்கலாம். கடைசியில் பெயிண்ட் அடிக்கும் முன் சோப்பு நீரில் கழுவி, நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடிப்பதை விட்டுவிடாதீர்கள். குளத்துநீரில் ஊறும் பெயிண்ட் பிரைமர் இல்லாமல் தோலாக உரியும்.

நீர்புகா உருளை

அசல் கப்பலின் அழுத்த உடல் 4.7 மீட்டர் விட்டம். நமக்கு அது 65 மி.மீ. ஓட்டின் தடிமனைக் கழித்தால், 60-லிருந்து 63 மி.மீ. வெளிவிட்டமுள்ள குழாய் உள்ளே உட்காரும். ஓட்டை அளந்து பார்த்துவிட்டே குழாய் வாங்குங்கள்.

அக்ரிலிக் குழாய் பளிச்சென்று இருக்கும், ஆனால் கீழே விழுந்தால் விரிசல் விடும், ஸ்பிரிட் பட்டால் பூத்துப்போகும். பாலிகார்பனேட் கிடைத்தால் அதுவே மேல். பிவிசி குழாய் மலிவுதான், ஆனால் ஒளி ஊடுருவாது. உள்ளே தண்ணீர் வந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்க முடியாத உருளையை முதல் கப்பலில் வைக்காதீர்கள்.

இந்தக் கட்டத்தில் ஒரு தீர்மானம் எடுக்க வேண்டும்: உருளையை நாமே கடைவதா, ஆயத்தமாக வாங்குவதா? லேத் பட்டறை நண்பர் யாரும் இல்லாவிட்டால் வாங்கிவிடுங்கள். மூடிகளில் ஓ-ரிங் உட்காரும் பள்ளம் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கசியும்.

உள்ளே மூன்று அறைகள். நடுவில் பாலஸ்ட் தொட்டி. அது நடுவில் இருந்தால்தான் நிரம்பும்போது மூக்கும் வாலும் சாயாது. உள்விட்டம் 57 மி.மீ. என்றால் 250 மில்லிலிட்டருக்குச் சுமார் 10 செ.மீ. நீளம் போதும். முன் அறையில் பேட்டரி, பின் அறையில் மோட்டார்களும் மின்னணுவும். தொட்டியை நிரப்பவும் காலிசெய்யவும் பல வழிகள் உண்டு: ஊசிக்குழாய் போல இழுத்துத் தள்ளும் பிஸ்டன், சின்ன பம்ப், அழுத்தப்பட்ட வாயு. வாயு முறை வேகமானது, ஆனால் வாயு தீர்ந்தால் கதை முடிந்தது. பிஸ்டன் துல்லியமானது, விலை அதிகம். முதல் கப்பலுக்கு நான் பம்ப் முறையைத்தான் சொல்வேன். மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றும் பை போன்ற மெல்லிய பையைத் தொட்டியறையில் வைத்து, பம்ப் வெளியிலிருந்து தண்ணீரை அதற்குள் தள்ளும். பை உப்பும்போது உருளைக்குள் இருக்கும் காற்று அழுந்துமல்லவா? உள்ளே 800 மில்லிலிட்டர் காற்று இருந்து பை 250-ஐ எடுத்துக்கொண்டால் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். மூடிகள் பிதுங்கி வெளியே வரப் பார்க்கும். ஆகவே இரண்டு மூடிகளையும் நீளக் கம்பியும் நட்டும் போட்டு இறுக்க வேண்டும்; வெறும் உராய்வை நம்பாதீர்கள்.

மூடியில் ஒரு சிறு காற்றுத் திருகாணி இருக்கும். அதைக் கழற்றிவிட்டு மூடியை அழுத்தி, உட்கார்ந்தபின் திருகுங்கள். திருகாணியைக் கழற்றாமல் அழுத்தினால் உள்ளே அடைபட்ட காற்று மூடியை மெதுவாகத் திருப்பி அனுப்பிவிடும். நீங்கள் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் மூடி இரண்டு மில்லிமீட்டர் வெளியே நிற்கும்.

இனி அந்தத் தலைமுடி. மூடும் முன் ஒவ்வொரு முறையும் ஓ-ரிங்கைக் கழற்றுங்கள். பஞ்சு விடாத துணியால் துடையுங்கள். விரல்களுக்கிடையே உருட்டி, வெளிச்சத்தில் பிடித்து முழுச் சுற்றையும் பாருங்கள். சிலிகான் கிரீஸ், ரப்பர் பளபளக்கும் அளவுக்கு மட்டும். வண்டிச் சக்கரத்துக்குப் போடும் கிரீஸ் வேண்டாம். குழாயின் உள்விளிம்பையும் விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள், பிசிறு இருந்தால் அது ஓ-ரிங்கைக் கிழிக்கும். பிறகு வாளித் தண்ணீரில் உருளையை முழுவதும் அமுக்கி, காற்றுத் துளையில் மாட்டிய குழாய் வழியாக வாயால் ஊதுங்கள். குமிழி எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் கசிவு. சைக்கிள் கடைக்காரர் ட்யூபில் பஞ்சர் பார்ப்பதும் இப்படித்தானே.

சுழலும் தண்டுகளுக்கு உதடு வைத்த ரப்பர் சீல், முன்பின் அசையும் கம்பிகளுக்கு மடிப்பு ரப்பர் உறை. கம்பிகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். துருவின் சொரசொரப்பு சீலை ஒரே மாதத்தில் தின்றுவிடும்.

ஓட்டமும் சமநிலையும்

7சி-க்கு இரண்டு தண்டுகள், இரண்டு விசிறிகள், அவற்றுக்குப் பின்னால் இரண்டு சுக்கான்கள். விசிறிகள் எதிரெதிர்த் திசையில் சுழல வேண்டும். இல்லாவிட்டால் கப்பல் ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே போகும். பெட்டியில் வரும் பிளாஸ்டிக் விசிறிகளை அலங்காரத்துக்கு வைத்துவிட்டுப் பித்தளை விசிறி வாங்குங்கள். வேகத்துக்கு ஆசைப்படாதீர்கள். அசல் கப்பல் மூழ்கிய நிலையில் 7.6 நாட் (மணிக்குச் சுமார் 14 கி.மீ.) வேகத்தில் போனது. மாதிரிக்கு அதை 72-இன் வர்க்கமூலத்தால், அதாவது 8.5-ஆல், வகுக்க வேண்டும்: நொடிக்கு அரை மீட்டர்கூட இல்லை. குளக்கரையில் சாவகாசமாகக் கூடவே நடந்து போகலாம். அந்த வேகத்தில் போகும்போதுதான் அது கப்பலாகத் தெரியும்.

கப்பலின் மூக்கை மேலும் கீழும் திருப்பும் சிறகுகள் முன்னும் பின்னும் உண்டு. முன் சிறகுகளை முதல் முறை கிடைமட்டமாக ஒட்டிவிடலாம். பின் சிறகுகளை மட்டும் சர்வோவோடு இணைத்து, நடுவில் ஒரு சமநிலைக் கருவி வைத்துவிடுங்கள். கட்டைவிரல் அளவேயுள்ள இது, மூக்கு சாய்வதை உணர்ந்து சிறகைத் தானே திருத்தும். இது இல்லாமலும் ஓட்டலாம் என்பவர்கள் உண்டு, அவர்கள் சமர்த்தர்கள். இணைத்தபின் கப்பலைக் கையில் பிடித்து மூக்கைக் கீழே சாய்த்துப் பாருங்கள். பின் சிறகின் பின்விளிம்பு மேலே போக வேண்டும். கீழே போனால் திசை தலைகீழ். அப்படியே தண்ணீரில் விட்டால் செங்குத்தாகக் குதித்துவிடும்.

தொடர்பு அறுந்தாலோ பேட்டரி வற்றினாலோ தொட்டியைத் தானே காலிசெய்யும் பாதுகாப்புக் கருவி கட்டாயம். ரேடியோவை அணைத்துப் பார்த்து அது வேலை செய்கிறதா என்று கரையிலேயே உறுதிசெய்யுங்கள். பேட்டரிக்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு போதும். லித்தியம் பேட்டரி இலேசானது, ஆனால் நாம் எப்படியும் ஈயம் சேர்க்கத்தான் போகிறோம். கனம் இங்கே குற்றமில்லை. எந்தப் பேட்டரியானாலும் உருளைக்கு வெளியே எடுத்துத்தான் சார்ஜ் செய்ய வேண்டும். மூடிய குழாய்க்குள் வாயு சேர்வது விளையாட்டல்ல.

எடை சரிபார்த்தல்

வீட்டில் பெரிய தொட்டி இல்லையென்றால் மொட்டை மாடியில் செங்கல்லை நான்கு வரிசை உயரத்துக்குச் செவ்வகமாக அடுக்கி, மேலே தார்ப்பாயை விரித்துத் தண்ணீர் நிரப்புங்கள். ஒரு மாலைப் பொழுதுக்குத் தாங்கும்.

63 மி.மீ. உருளை 40 செ.மீ. நீளம் இருந்தால் அது இடம்பெயர்க்கும் நீர் ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ. உள்ளே வைத்த சாமான்களும் குழாயும் சேர்ந்து 800 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதியில் 250 கிராம் தொட்டிக்குள் வரும் தண்ணீருக்கு, எஞ்சிய சுமார் 200 கிராமை ஈயத்தால் நிரப்ப வேண்டும். தூண்டிலுக்கு விற்கும் ஈயக் குண்டுகள் நல்லவை. அவற்றை உடலின் அடிவயிற்றில், முடிந்தவரை தாழ்வாக வையுங்கள். கனம் கீழே, மிதப்பு மேலே. இதுதான் கப்பல் கவிழாமல் நிற்பதன் இரகசியம். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள்.

தொட்டியைக் காலியாக வைத்துக் கப்பலை மிதக்க விடுங்கள். நீர்க்கோட்டுக்குக் கீழே மட்டும் ஈயமோ நுரைத்துண்டோ சேர்த்து, கோடு சரியாக உட்காரும்வரை திருத்துங்கள். இப்போது தொட்டியை நிரப்புங்கள். கப்பல் அடிக்குப் போனால் நீர்க்கோட்டுக்குச் சற்று மேலே, மேல்தளத்தின் அடியில், நுரைத்துண்டு ஒட்டுங்கள். அது நீர்மேல் இருக்கும்போது காற்றில் இருப்பதால் முதலில் சரிசெய்த கோட்டைக் கெடுக்காது. மூழ்கும்போது மட்டும் வேலை செய்யும். தொட்டி நிரம்பியும் கப்பல் மிதந்துகொண்டிருந்தால் அந்த மேல்நுரையில் கொஞ்சம் எடுங்கள். நுரை கெட்டியானதாக இருக்கட்டும். பஞ்சுபோன்ற நுரை ஆழத்தில் நசுங்கி மிதப்பை இழக்கும், கப்பல் மேலும் ஆழத்துக்குப் போகும், நுரை மேலும் நசுங்கும். தற்காலிகமாகப் பார்க்க ரப்பர் செருப்பை வெட்டிய துண்டுகளை நூலால் கட்டிக்கொள்ளலாம். இடம் முடிவானபின் கெட்டி நுரையை நிரந்தரமாக ஒட்டுங்கள்.

தொட்டி முழுவதும் நிரம்பிய நிலையில் பெரிஸ்கோப்பின் நுனி மட்டும் வெளியே தெரிய வேண்டும். அந்தக் கடைசி இம்மியளவு மிதப்பை ஒருபோதும் பறிக்காதீர்கள். எது பழுதானாலும் கப்பலை மேலே கொண்டுவருவது அதுதான். முழு ஆழத்துக்குப் போவதை ஓட்டமும் சிறகும் பார்த்துக்கொள்ளும்.

முதல் மூழ்கல்

நீச்சல் குளத்துக்காரரிடம் முன்பே அனுமதி கேட்டு, ஆள் இல்லாத நேரத்தில் போங்கள். அடி தெரியும் தெளிந்த நீர் முக்கியம். கோயில் தெப்பக்குளம் பார்க்க அழகு, ஆனால் பாசியில் சிக்கினால் எடுக்க யார் இறங்குவது? கப்பலின் மூக்கில் பத்து மீட்டர் தங்கூசி நரம்பைக் கட்டிவிடுங்கள். இதைக் கௌரவக் குறைவாக நினைக்க வேண்டாம். நரம்பு விசிறியில் மாட்டாமல் இருக்க, முனையில் ஒரு தக்கையைக் கட்டி மிதக்க விடுங்கள்.

முதலில் ஐந்து நிமிடம் நீர்மேல் ஓட்டம் மட்டும். வெளியே எடுத்து உருளையைத் துடைத்து உள்ளே பாருங்கள். ஈரமில்லை என்றால், நின்ற இடத்திலேயே பாதித் தொட்டி நிரப்பி, காலிசெய்யுங்கள். பிறகு முழுத் தொட்டி. அதன்பின் மெதுவாக முன்னே ஓட விட்டு, பின் சிறகில் ஒரு தொடுதல்.

என் கப்பல் முதன்முதலாக ஒழுங்காக மூழ்கியபோது நான் கரையில் பெருமையாக நின்றேன். குளத்துக் காவலர் பதறி ஓடி வந்தார். “சார், உங்கள் கப்பல் முழுகிப்போய்விட்டது! நான் இறங்கட்டுமா?” என்று சட்டையைக் கழற்றத் தொடங்கிவிட்டார். “வேண்டாம் அண்ணே, கொஞ்சம் பொறுங்கள்” என்று பம்பைத் திருப்பினேன். அவருக்கு நேர் எதிரே கோபுரம் மேலே வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு முன்பாகவே அவர் குளக்கரையில் நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, பம்பை ஒரு நிமிடம் நன்னீரில் ஓட்டி, உடலைக் கவிழ்த்து வையுங்கள். உருளைக்குள் அடைபட்ட ஈரக்காற்று குளிர்ந்த குளத்துநீரில் வியர்த்திருக்கும். அதைக் கசிவு என்று எண்ணி மூடிகளைப் பிரித்து மேயாதீர்கள். காலணிப் பெட்டியில் வரும் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே போட்டால் போதும். பேட்டரியை எடுத்துவிட்டு, மூடிகளைத் திறந்தபடியே அலமாரியில் வையுங்கள். இறுக்கி மூடி மாதக்கணக்கில் கிடந்தால் ஓ-ரிங் தட்டையாகிவிடும்.